தண்ணீர்ப் பாத்தி

தண்ணீர் தெளித்த பாத்தியில்தான் புழு குறைவாக இருந்தது. பருத்திச் செடிகளுக்கு நடுவே குனிந்திருந்த உதவியாளர் மறுபடி முதலிலிருந்து எண்ணிப் பார்த்தார்.

மூன்று பாத்திக்கு மூன்று விதப் புழு மருந்து, நான்காவதற்கு வெறும் தண்ணீர். எந்த மருந்து நன்றாகக் கேட்கிறது என்று ஒப்பிட்டுச் சொல்வதுதான் அந்த ஆராய்ச்சிப் பண்ணையில் அவருக்கு வேலை. மத்தியானம் அதிகாரி வருகிறார். சோதனை தேறினால், இழுத்துக்கொண்டே போகும் தற்காலிக வேலை நிரந்தரமாகும். தேறாவிட்டால் அதுவும் போய்விடும்.

"ஒழுங்கா தெளிச்சீங்களாண்ணே?" என்று தெளிப்புக்காரரிடம் கேட்டார்.

"நீங்க சொன்னபடியேதான் சார். வாரம் தவறாம, நாலு பாத்திக்கும் ஒரே அளவு."

தெளிக்கும் நாட்களில் உதவியாளர் வயல் பக்கமே வருவதில்லை. மருந்து வாடை பட்டால் தலைவலி வந்துவிடும். இன்று ஏனோ வாடையே தெரியவில்லை. மூக்கும் கைவிட்டுவிட்டது போலும் என்று நொந்துகொண்டார்.

வேறு வழி தெரியவில்லை. முதல் பாத்திப் புழுக்களைப் பொறுக்கிக் கைக்குட்டையில் கட்டித் தண்ணீர்ப் பாத்தியில் விட்டார். குனியும்போதெல்லாம் இடுப்பில் செருகியிருந்த மருந்து அலமாரிச் சாவி குத்தியது.

இப்போது முதல் பாத்தி பளிச்சென்று இருந்தது. அதிகாரி மலைபோல் நம்பியிருந்த மூன்றாம் மருந்துதான் அதற்கு முன்னால் மானம் போய் நின்றது. அதையும் பொறுக்கினார். அப்புறம் இரண்டாம் பாத்தி தனியாக அசிங்கப்பட்டது.

சாப்பாடு கொண்டுவந்த மனைவி வரப்பிலேயே நின்றுவிட்டாள்.

"என்னங்க பண்றீங்க?"

"புழுவுக்கு இடமாற்றம்."

"உங்களுக்கே இன்னும் வேலை நிரந்தரமாகல."

ஆனாலும் மனசு கேட்காமல் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். கூட்டம் தாங்காத புழுக்கள் வரப்பேறித் திரும்ப ஆரம்பித்தன. புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு குச்சியோடு காவல் நின்றார்கள்.

அதிகாரி வந்தார். மூன்றாம் பாத்தியைப் பார்த்து வாயைப் பிளந்தார்.

"தேடினாலும் புழு இல்லையேய்யா. தண்ணிப் பாத்தியைப் பாரு, மொய்க்குது. விவசாயிங்க எல்லாரையும் இந்த மருந்தையே வாங்கச் சொல்லி இன்னைக்கே அறிவிச்சுடுறேன். உன் வேலையும் நிரந்தரமான மாதிரிதான்."

உதவியாளருக்குச் சந்தோஷமே வரவில்லை. யார் யாரோ தன்னை நம்பித் தெளித்துவிட்டு, அரித்துப்போன காயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்கள் என்பது கண்முன் வந்தது. ஆனாலும் தலையை ஆட்டிவைத்தார்.

"மருந்து கொஞ்சமாவது கேக்காமயா போயிடும்?" என்று மனைவி காதோரம் முணுமுணுத்தாள். அந்த ஒரு நினைப்பைத்தான் அவரும் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி தெளிப்புக்காரர் பக்கம் திரும்பினார். "நீயும் பாடுபட்டிருக்கே. உனக்கு என்ன வேணும், கேளு."

"எனக்கு அலமாரிச் சாவி மட்டும் போதும் சார். அளவு கைக்குப் பழகுற வரைக்கும் நாலு பாத்திக்கும் தண்ணியே தெளிக்கச் சொல்லி இவருதான் சொல்லியிருந்தாரு. இப்ப நல்லாப் பழகிடுச்சு, இனிமே மருந்தை எடுத்துடலாம்."