சுல்தானின் தொப்பியும் என் பாதி மீசையும்

வெள்ளைக்காரன் கப்பலேறி வந்தபோது துருக்கிச் சுல்தானும் சீன ராசாவும் என்ன செய்திருக்க வேண்டும் என்று தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்தான் இருந்தார். அவர் விசுவமடுச் சந்தியில் பாலைமரத்தின் கீழ் கதிரை போட்டு முடி வெட்டிக்கொண்டிருந்தார். இரண்டு ராச்சியங்களும் அவரைக் கேட்காமல் விட்டதுதான் குறை.

ஊர் அவரைச் சுல்தான் என்றது. சொந்தப் பெயரை நான் கேட்டதில்லை. அவரும் என் பெயரைக் கேட்டதில்லை. எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து லொறியில் வந்து இறங்கியவர்களில் நான் ஒருவன். மிளகாய்த் தோட்டத்தில் களை பிடுங்கினேன், கிணறு வெட்டினேன். ஓரிடத்தில் மூன்று மாதம் நின்றால் கால் அரிக்கும். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிட்டது. அதற்கு மேல் எனக்குக் கிடைத்த சரித்திரமெல்லாம் கழுத்தில் கத்தி இருந்தபோது கிடைத்ததுதான்.

அவருக்கு அந்தப் படிப்பு வந்த வழியே வேறு. கத்தியில் ஒட்டும் நுரையைத் துடைக்கப் பழைய கடதாசி வேண்டும். கிளிநொச்சியில் வாங்கிய கட்டுக்குள் அட்டை இல்லாத தடித்த சரித்திரப் புத்தகம் ஒன்று கிடந்தது. ஒவ்வொரு தாளாகக் கிழித்துத் துடைத்துக்கொண்டே போனவர், ஒருநாள் குஞ்சம் வைத்த தொப்பியோடு ஒரு சுல்தானின் படத்தைக் கண்டு கையை நிறுத்தினார். அதற்குள் ரோமாபுரி முழுக்க நுரையில் போய்விட்டது. மிஞ்சிய துருக்கியையும் சீனாவையும் மரத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டார். அப்படியும் ஒரு தீபாவளிக்கு முதல்நாள் அவசரத்தில் கை பழைய பழக்கத்தில் போய், சீனாவின் கடைசித் தாள்கள் யாரோ ஒருவரின் நுரையோடு போய்விட்டன.

அவருடைய கணக்கில் சரித்திரம் முழுக்கத் தலையில்தான் நடந்தது.

"சுல்தான் தலைப்பாகையைக் கழட்டித் தொப்பி போட்டவர். சீனாக்காரன் முன்பக்கத்தை வழிச்சுப் பின்பக்கம் சடை வளர்த்தவன். ரெண்டு பேருக்கும் கேடு தலையிலதான் வந்தது, தம்பி. தலை தெரிஞ்ச ஒருத்தன் பக்கத்தில இருந்திருந்தால்..." என்று பெருமூச்சு விடுவார்.

கதை வெள்ளைக்காரன் கப்பலின் பீரங்கிக்கு வந்தால் கத்தி அந்தரத்தில் நின்றுவிடும். ஒட்டுசுட்டானில் வயல் செய்யும் கமக்காரர் ஒருவர் ஒருநாள் அப்படிப் பாதிச் சவரத்தில் மாட்டிக்கொண்டார்.

"அண்ணை, பஸ் வருகுது."

"பொறுங்கோ, கப்பல் வந்திட்டுது."

"எனக்குப் பஸ்தான் வேணும்!"

"சீன ராசாவும் இப்பிடித்தான் அவசரப்பட்டவர்."

கமக்காரர் ஒரு கன்னத்தில் தாடியும் மறு கன்னத்தில் நுரையுமாகப் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனார். அடுத்த கிழமை மிச்சத்துக்கு வந்தார். கதையும் விட்ட இடத்திலிருந்தே தொடங்கியது.

பிறகு கிளிநொச்சியிலிருந்து முடி வெட்டும் இளைஞன் ஒருவன் வந்தான், ஊருக்கு அவன் கிளிநொச்சியான். வீதிக்கு அந்தப் பக்கம், நேரெதிரே, தகரக் கூரை போட்ட சலூன். சுழல் கதிரை, எதிரெதிரே இரண்டு பெரிய கண்ணாடி, கசெட்டில் சினிமாப் பாட்டு. கடை திறப்பதற்கு முதல்நாள் மரியாதைக்கு வந்தான். கையில் வாசனைத் தண்ணீர் பீச்சும் போத்தல்.

"அண்ணை, இதை நீங்கள் வைச்சிருங்கோ. அங்கை ரெண்டு கதிரை போட்டிருக்கிறன். ஒண்டு உங்களுக்கு. வாங்கோவன்."

நுரை பூசிய முகத்தோடு நான் இருந்தேன். சுல்தான் போத்தலை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவன் கையிலேயே வைத்தார்.

"எங்களிட்டை எல்லாம் இருக்கு. உம்மடை சாமான் ஒண்டும் தேவையில்லை."

எல்லாம் என்றது ஒரு கதிரை, இரண்டு கத்தி, கைப்பிடி போன கண்ணாடி, பாலைமரம். அவன் போனதும் என் காதருகில் குனிந்தார். "சீன ராசா வெள்ளைக்காரனுக்குச் சொன்ன அதே பதில். எப்பிடி?"

"நல்லாருக்குண்ணே. அப்புறம் என்னா ஆச்சு சீனாவுல?"

"அசையாதை, கத்தி இருக்கு."

ஒரே மாதத்தில் மரத்தடியில் நாங்கள் நாலு பேர் மிஞ்சினோம். அதில் ஒருவருக்கு வழுக்கை. அவர் கதைக்காக வருபவர். பெல்பொட்டம் காற்சட்டை போட்ட இளந்தாரிகள் காது மூட முடி வளர்த்தார்கள். அதைக் கண்ணாடியில் பார்த்துச் சீவவே எதிர்ப்பக்கம் போனார்கள். சுல்தான் மத்தியானச் சாப்பாட்டைத் தேத்தண்ணீராக்கினார். கேட்டால் பசியில்லை என்பார். பசியோடு எனக்கு நெடுநாள் பழக்கம். எந்த முகத்தில் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். மண்வெட்டி பிடிக்கிற வயதை அவர் தாண்டியிருந்தார். கதிரை போனால் அவருக்கு வேறு பிழைப்பில்லை.

"இனிச் சுல்தானின்ரை வழி," என்றார் ஒரு காலை. துருக்கிச் சுல்தான் படையைப் புதிதாக்கி, உடுப்பையும் மாற்றினவராம். இவரும் பழைய வேட்டியில் வெள்ளை மேற்சட்டையும், சிவப்புத் துணியில் குஞ்சம் வைத்த தொப்பியும் தைத்துப் போட்டார். துருக்கியில் பழைய படை புது உடுப்பை எதிர்த்துக் கலகம் செய்ததாம். எங்கள் பழைய படை தும்மியது. குஞ்சம் மூக்கில் உரசினால் வேறென்ன செய்வது? கத்தியும் தும்மலும் ஒன்றாக இருக்கக் கூடாது. நாலு பேர் இரண்டு பேரானோம்.

கடைசி ஆயுதம் சுழல் கதிரை. உழவு இயந்திரத்தின் சக்கரம் சுழலும் பழைய பெயரிங் வளையம் ஒன்றை ஒரு மரக்குற்றியில் பூட்டி, அதன் மேல் கதிரையைப் பூட்டினார்.

"ஏறு தம்பி."

அன்று பின்னேரம் வட்டக்கச்சி நெல் ஆலைக்கு வேலை கேட்டுப் போக இருந்தேன். மீசையை ஒதுக்கிவிட்டால் போதும். ஏறினேன். மீசையில் கத்தியை வைத்ததும் கதிரை சுழன்றது. அருமையாகச் சுழன்றது. நிறுத்துவதற்குத்தான் ஒன்றும் பூட்டவில்லை. பாலைமரம், வீதி, கிளிநொச்சியான் கடை, மறுபடி பாலைமரம். மூன்றாம் சுற்று முடிந்தபோது என் இடப்பக்க மீசை இல்லை.

சுல்தான் தொப்பியைக் கழற்றினார்.

"நோகுதோ?"

"மீசைக்கு நோகாதுண்ணே."

"இந்தக் கோலத்தில வேலை தருவாங்களோ?"

"மத்தப் பக்கத்தையும் எடுத்துடுங்க, சரியாப் போயிடும்."

"இந்தக் கதிரையில இனி ஒருத்தரையும் இருத்தமாட்டன்."

சந்தியே பார்த்திருக்க என் கையைப் பிடித்துக்கொண்டு வீதியைக் கடந்தார். பத்து எட்டுத்தான். சீனப் பெருஞ்சுவரை ஏறிக் கடப்பது போல நடந்தார்.

"தம்பி, இவனை ஒருக்கால் பாருங்கோ," என்றார். அவனோடு 'ங்கோ' என்று மரியாதை போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை.

கிளிநொச்சியான் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. என்னை இருத்தி நுரை பூசினான். ஆனால் சுல்தான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்ததில் அவன் கண் கத்தியில் நிற்கவில்லை. முதல் இழுப்பிலேயே என் உதட்டில் இரத்தம்.

"தள்ளும் அங்கால!" சுல்தான் கத்தியைப் பறித்தார். நிமிர்ந்தவர் கண்ணாடியைக் கண்டார். இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே சுல்தானுக்குப் பின்னால் சுல்தான், அவருக்குப் பின்னால் இன்னொரு சுல்தான், கண் எட்டிய தூரம் வரைக்கும் வெள்ளைச் சட்டைப் படை.

"அட, இத்தனை பேர் இருந்துமோ தோத்தவங்கள்!"

கத்தி அந்தரத்தில் நின்றது. கப்பல் வரத் தொடங்கியது. காத்திருந்த இளந்தாரிகள் சீப்பைக் கீழே வைத்தார்கள். கிளிநொச்சியான் போய்க் கசெட்டை நிறுத்தினான்.

இரண்டாவது கதிரை அன்றிலிருந்து சுல்தானுடையது. நான் மீசையே இல்லாமல் வட்டக்கச்சிக்குப் போனேன். வேலை கிடைக்கவில்லை, அதற்கு மீசை காரணமில்லை. அடுத்த தடவை அவர் முன்னால் இருந்தபோது கேட்டேன்.

"அண்ணே, இது சுல்தான் வழியா, சீன ராசா வழியா?"

"ரெண்டுமில்லை. இது கடைசித் தாளில இருந்திருக்கும். அந்தத் தாள்தான் தீபாவளிக்கு முதல்நாள் உன்ரை நுரையோட போனது."

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ சுழல் கதிரை. எல்லாம் நிறுத்தினால் நிற்கிற கதிரைகள். பேசாமல், சுத்தமாக, சுறுக்காக வழித்து அனுப்பிவிடுகிறார்கள். கத்தி கழுத்துக்கு வரும்போது கப்பல் வந்துவிட்டது என்று ஒருவரும் சொல்வதில்லை. இப்போதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.