முழுநகலும் சர்தார் வீட்டுச் சம்பந்தமும்

தன் பரம்பரையைப் பற்றி ஒரு பொய்கூடச் சொல்லாத மனிதர் இந்த மொரிஷியஸ் தீவில் ஒருவரே ஒருவர்தான் இருந்தார். அவர் ஒருவரால் எங்கள் பதிவு அலுவலகத்துக்கு நேர்ந்த தொல்லை, பொய் சொன்ன மற்ற எல்லோரும் சேர்ந்து கொடுத்த தொல்லையைவிட அதிகம்.

கப்பலில் கூலிகளாக வந்தவர்களின் பழைய பதிவேடுகள் போர்ட் லூயியில் எங்களிடம் இருந்தன. முப்பது வருஷம் அவற்றைப் புரட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: விசாரிக்க வருகிறவர்களை நம்பினால், அந்தக் கப்பல்களில் கூலிக்காரர் ஒருவர்கூட ஏறவில்லை. ஏறியவர்கள் எல்லோரும் ஜமீன்தார்கள், தர்மகர்த்தாக்கள், இரண்டொரு சமஸ்தான வித்வான்கள். கடற்கரையில் காற்று வாங்க வந்த இடத்தில் தவறி ஏறிவிட்டார்கள்.

இவர்களுக்காகவே எங்களிடம் ஓர் அருமையான ஏற்பாடு உண்டு. அதன் பெயர் சுருக்க நகல். பெயர், வயது, வந்த கப்பல், கீழே முத்திரை. ஓரத்துக் குறிப்புகளும் பின்னால் தைத்த காகிதங்களும் அதில் வரமாட்டா. முழுநகல் கேட்டால் எல்லாம் வரும். ஆகவே யாரும் கேட்பதில்லை.

தீவின் தெற்குக் கோடியில் சுரினாம் என்ற ஊரில் சிறு கரும்புத் தோட்டம் வைத்திருந்த ஒருவர் மட்டும் கேட்டார். நாய் லைசென்சுக்கே முழுநகல் கேட்ட மனிதர் அவர். குமாஸ்தாக்கள் நாங்கள் அவருக்கு 'முழுநகல்' என்று பெயர் வைத்தோம். கொஞ்ச நாளில் அவர் ஊரிலும் அதுவே நிலைத்தது.

கோயில் அர்ச்சனையில் கோத்திரம் கேட்டால், தெரியாதவர்கள் எல்லோரும் சிவ கோத்திரம் என்று சொல்லிவிட்டுப் பிரசாதம் வாங்கிக்கொண்டு போவார்கள். இவர் மட்டும், "விசாரிச்சிட்டிருக்கேன் சாமி. போர்ட் லூயிலேர்ந்து பதில் வரல" என்பார்.

"சிவ கோத்திரம்னு சொல்லிட்டுப் போங்களேன்."

"அதுக்குப் பேப்பர் இருக்கா?"

அவருக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நிற்கும்.

காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய இரண்டாவது வயதில் தாயும் தகப்பனும் ஒரே காய்ச்சலில் போய்விட்டார்கள். எஸ்டேட் குடிசைகளில் வீட்டுக்கு ஒரு வேளைச் சோறு தின்று வளர்ந்தவர். அம்மா பெயர் முனியம்மா என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஐம்பது வயதுவரை அந்த ஒரு பெயரோடு காலம் தள்ளினார். பிறகு மகளுக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சர்தார் வீட்டுப் பிள்ளை. சர்தார் என்றால் எஸ்டேட்டில் கூலிகளை வேலை வாங்கிய மேஸ்திரி. அந்தத் தொழில் பையனின் தாத்தாவோடு முடிந்துவிட்டது. அதிகாரம் மட்டும் முடியவில்லை. பையனையும் பெண்ணையும் கேட்டால் நாளைக்கே தாலி கட்டலாம் என்பார்கள். பையனின் அப்பாதான் தடை.

"பொண்ணைக் குத்தம் சொல்லல. ஆனா உங்க தாயார் யாரு, எந்த வீட்டு மனுஷின்னு தெரிய வேணாமா? நிச்சயத்தன்னிக்குப் பேப்பர் காட்டுங்க. இல்லன்னா வேற இடம் பாத்துக்கறோம்."

மூன்று மாதம், புதன்கிழமைதோறும் முழுநகல் பக்கத்து ஊர் சுயாக்கில் ரயில் ஏறி வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். நான் முனியம்மாக்களை ஒவ்வொருவராக எடுத்து நீட்டினேன். அந்தத் தலைமுறையில் பாதிப் பெண்களுக்கு அந்தப் பெயர்தான்.

"இந்த முனியம்மா பாருங்கள். தகப்பனார் கிராம முன்சீப். எடுத்துக்கொண்டு ஊர்போய்ச் சேருங்கள்" என்றேன் ஒரு நாள்.

"இவங்க செத்தப்ப எனக்கு வயசு பதினேழு ஆகியிருக்கும் மிஸ்யே. எங்கம்மா இல்லையே." மிஸ்யே என்றால் எங்கள் தீவில் ஐயா.

"யாருக்குத் தெரியப்போகிறது?"

"எனக்குத் தெரியுதே."

கடைசியில் உண்மையான முனியம்மா கிடைத்தாள். இறப்புப் பதிவில் குழந்தையின் பெயரும் எஸ்டேட்டின் பெயரும் பொருந்தின. பின்னால் தைத்த காகிதங்களைப் பிரித்துப் படித்தேன். தனியாகக் கப்பல் ஏறியவள். காய்ச்சலில் கிடந்த ஒரு பெண்ணைச் சர்தார் பிரம்பால் அடித்தார் என்று புகார் சொல்ல, சுரினாமிலிருந்து போர்ட் லூயிவரை நடந்தே வந்திருக்கிறாள். புகார் தள்ளுபடி ஆனது. அனுமதி இல்லாமல் எஸ்டேட்டை விட்டுப் போனதற்கு ஒரு வாரம் சிறை. வெளியே வந்த அன்றே கரும்புக் கத்தியின் பிடியால் சர்தாரின் நெற்றியைப் பிளந்தாள். மறுபடியும் சிறை. சர்தாரின் பெயரும் எழுதியிருந்தது. மாப்பிள்ளையின் தாத்தா.

"சுருக்க நகல் தருகிறேன், கல்யாணம் நடக்கட்டும்" என்று கெஞ்சினேன். அலுவலகத்தில் நான் கெஞ்சியது அந்த ஒரு தடவைதான்.

"நடந்தே வந்தாங்களே, அது அதுல இருக்குமா?"

"இருக்காது. அதுதானே அதன் அழகு."

"அப்ப எங்கம்மா அதுல இல்ல மிஸ்யே."

மகளிடமும் கேட்டாராம். "முழுசாவே படிங்க பப்பா" என்றாளாம். குடும்ப வியாதி.

நகலில் உள்ள கையெழுத்து யாருடையது என்று கேட்டால் ஆளைக் காட்ட வேண்டும் என்று என்னையும் நிச்சயதார்த்தத்துக்கு இழுத்துப் போனார். மாப்பிள்ளையின் அப்பா அங்கே தம் தகப்பனாரின் நெற்றித் தழும்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கப்பல் ஏறுமுன் இந்தியாவில் புலியோடு மல்லுக்கு நின்றபோது வந்ததாம். சபை வாயைப் பிளந்து கேட்டது. அந்த நேரம் பார்த்து முழுநகல் எழுந்து நான்கு பக்கங்களையும் வாசித்தார். 'முத்திரை, வட்டம், சிவப்பு' என்பதைக்கூட விடவில்லை.

பெண்ணின் தாய்மாமன் வெற்றிலை துப்பப் போனார். திரும்பவில்லை. அவரைத் தேடிப் போனவர்களும் திரும்பவில்லை. மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அதுவரை பேசாதிருந்த அவர் மனைவி, "இருங்க. அப்ப புலி இல்லையா?" என்றார்.

"சபையில என்ன பேச்சு?"

"உங்கப்பா நெத்திக்குப் பன்னெண்டு வருஷம் எண்ணெய் தடவினவ நான். பிரம்பைப் பக்கத்துலயே வச்சுக்கிட்டுத் தடவச் சொல்வாரு. ஒரு கூலிக்காரப் பொம்பள போட்ட போடா அது?" அந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த மனுஷியோட பேத்தி நம்ம வீட்டுக்கு வரட்டும். எனக்கும் ஒரு துணை வேணும். உட்காருங்க" என்றார்.

அவர் உட்கார்ந்தார். வீட்டில் அப்படி உட்கார்ந்து பழக்கம் உண்டு என்று தோன்றியது.

பூசாரி தாம்பூலத் தட்டை எடுத்தார். "பெண்ணோட தகப்பன் வழியில பெரியவங்க ஒருத்தர் வந்து நில்லுங்க."

பெண் வீட்டுப் பக்கம் பாய் காலியாகக் கிடந்தது. முழுநகல் தட்டைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். "சாமி, எனக்கு அப்படி யாரும்..." என்று ஆரம்பித்தார்.

"பெண்ணுக்குப் பெரியப்பா நான் இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே நான் எழுந்துவிட்டேன். சபையில் பொய் உறவு சொல்வதற்கு எந்தச் சட்டத்தில் என்ன பிரிவு என்பதை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் தீவில் இல்லை.

முழுநகல் என்னை மறுக்க வாயைத் திறந்தார். பிறகு நகர்ந்து எனக்கு இடம் விட்டு, "இப்படி என் பக்கத்துல வாங்கண்ணே" என்றார்.