ஜன்னலுக்குக் கோணலாக ஒரு குழாய்

இந்த மலையில் நான் பார்த்த மனிதர்களிலேயே என் ரத்தத்தை அதிகமாகக் கொதிக்க வைத்தவர் ஏத்தக்காரர்தான். குன்னூர்க் குளிரில் ரத்தம் கொதிப்பதே பெரிய விஷயம். அவர் வந்து நின்றாலே எனக்குக் கொதிக்கும்.

எஸ்டேட் பங்களாக்களில் குழாய் வேலை பார்த்தவர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எந்த வீட்டுக்குப் போனாலும், குழாய் மேல்நோக்கிச் சரிவாக ஏறிப் போக வேண்டும் என்பதற்கு "ஏத்தம் வேணுமுங்க" என்பார், அதனால் அந்தப் பெயர்.

பிரசவத்துக்குக் கோபியில் தாய்வீட்டுக்குப் போயிருந்த என் மனைவி கண்டிப்பாக எழுதிவிட்டாள்: குழாயில் சுடுதண்ணீர் வந்தால்தான் குழந்தையோடு மலை ஏறுவாளாம். மகளை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். ஏத்தக்காரரைக் கூப்பிட்டேன்.

விறகடுப்புக்குள் செம்புக் குழாய்ச் சுருள், பரணில் தண்ணீர் டிரம். சூடான தண்ணீர் ஒரு குழாயில் தானாக மேலே ஏறும், ஆறியது இன்னொன்றில் கீழே இறங்கும். மோட்டார் கிடையாது. நாலு நாள் வேலை என்றவர் மூன்று வாரம் ஆக்கினார். பாதி தண்ணீர் நிரப்பிய பாட்டிலைக் குழாய்மேல் படுக்க வைத்துச் சரிவு பார்ப்பார், முகத்தைச் சுளிப்பார், மாட்டியதையெல்லாம் கழற்றுவார்.

"மறுபடியும் எதுக்குங்க கழட்டறீங்க?" என்று கத்தினேன்.

"ஏத்தம் பத்தலீங்க. உள்ள காத்து நின்னுக்கும்."

"என் சம்சாரம் கோபியிலயே நின்னுக்குவா போலிருக்குது!"

"நிக்கட்டுமுங்க. காத்து நிக்கக் கூடாது."

ஒருவழியாக முடித்தார். அடுப்பில் தேயிலைக் கட்டை எரிய, ஆவி பறக்கத் தண்ணீர் வந்தது. "பைப்புல ஒருத்தரும் கை வெக்கப்படாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அந்தக் குழாய் இருக்கிறதே, சமையலறை ஜன்னலுக்கு மேலே கோணலாக ஏறிப் போனது. பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. மனைவி வருவதற்கு முந்தின நாள் நானே மேல்பக்கத்துக் கிளாம்பைக் கழற்றி, குழாயை அழுத்தி, ஜன்னலுக்கு நேராக இறக்கி முடுக்கிவிட்டேன்.

மறுநாள் அவள் வந்தாள். அடுப்பு எரிந்தது, குழாய் டம் டம்மென்று இடித்தது, தண்ணீர் மட்டும் ஐஸாக வந்தது. குழந்தை வீறிட்டது.

"கீழ போற பஸ் எத்தனை மணிக்குங்க?" என்றாள் மனைவி.

கடைவீதிக்கு ஓடினேன். டீக்கடையில் நாலு பேர் முன்னால் ஏத்தக்காரரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தார். பரண் பக்கமிருந்து குழாயில் கன்னத்தை ஒட்டி ஒட்டிப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார். நான் முடுக்கிய கிளாம்புக்கு வந்ததும் நின்றார்.

"இதுல கை வெச்சது யாருங்க?"

நான் ஜன்னலைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்குதுங்களா? பச்சக் குழந்தை குளிக்கற தண்ணீங்க! அழகு பாக்கறதுக்கு இதென்ன தோரணமுங்களா?"

அரை மணி நேரம் திட்டினார். ஒரு ‘ங்க’ குறையவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

திட்டிக்கொண்டே குழாயைத் தூக்கிக் கட்டினார். அடைத்திருந்த காற்று புஸ்ஸென்று போனது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் சுட்டது. வாளியில் முழங்கையை விட்டுப் பார்த்து, "இப்ப ஊத்துங்க அம்மணி" என்றார். குழந்தை அழுகையை நிறுத்தும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். டீ வேண்டாம் என்றுவிட்டார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

கேஸ் அடுப்பு வந்துவிட்டது; அந்தக் குழாயில் தண்ணீர் ஓடிப் பல வருஷம் ஆகிறது. ஏத்தக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். போன மாதம் வெள்ளையடிக்க வந்தவர் குழாயைக் கழற்றப் பார்த்தார். "அதைத் தொட்டீங்கன்னா நடக்கறதே வேறைங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் ஏணியை விட்டே இறங்கிவிட்டார்.

"தண்ணியே வராத பைப்புக்கு எதுக்குங்க இவ்வளவு கோவம்?" என்றார், பாவம்.

அவரிடம் எப்படிச் சொல்வது? என்னைத் திட்டுவதற்கு ஏத்தக்காரர் இல்லையே என்கிற கோபம் அது.