அரச வீதியில் ஒரு நிலை

ஆவணி முதல் செவ்வாய், பால் கறக்கும் நேரத்தில், மேட்டுநாட்டில் தமுக்கடித்தார்கள். ஒரு வீடு வைத்திருப்பவர் இன்னொரு வீடு வாங்கினால் அதன் விலையில் பாதியை மேல்வரியாகக் கட்ட வேண்டும். வீடில்லாத ஏழைகளுக்காக மன்னர் எடுத்த முடிவு என்றார்கள். வீடில்லாத ஏழைகள் கைதட்டினார்கள்.

அரண்மனை குன்றின் உச்சியில் இருந்தது. குன்றைச் சுற்றி அமைச்சர்களின் வீடுகள், ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு. மேலும் வாங்கும் எண்ணமும் அவர்களுக்கு இருந்தது. எனவே, வீடு என்றால் என்ன என்ற கேள்வி அவையில் எழுந்தது.

“நிலைதான் வீடு,” என்றார் வரி அமைச்சர் பெருந்திருவர். “ஒரு நிலைவாசலுக்கு அப்பால் இருப்பதெல்லாம் ஒரே வீடு. உள்ளே எத்தனை கூரை இருந்தால் என்ன? கூரையை எண்ணுவது காக்கையின் வேலை.”

மன்னர் ஒப்புக்கொண்டார். சட்டம் கல்லில் வெட்டப்பட்டது. அமைச்சர்கள் தங்கள் வீடுகளை வளைத்து மதில் எழுப்பி ஆளுக்கொரு நிலை வைத்தார்கள். புதிதாக வாங்கியதை மதிலை நீட்டிச் சேர்த்துக்கொண்டார்கள். இடையில் இருந்த சந்துகளும் கிணறுகளும் உள்ளே போயின. குடத்தோடு வந்த பெண்களிடம், இது இப்போது எங்கள் கூடம் என்றார்கள்.

கடைசியில் குன்றில் ஏற ஒரு வழிதான் மிஞ்சியது. தேர் போவதற்காக முன்பே வெட்டிய அரச வீதி. அது அடிவாரத்தில் காத்தாயியின் வீட்டைப் பிளந்துகொண்டு போனது. கிழக்கே அடுப்படி நின்றது. மேற்கே ஓர் அறை நின்றது. கல் உடைக்கும்போது இடுப்பு முறிந்த அவள் கணவன் சடையன் அந்த அறையில் படுத்திருந்தான்.

மேல்வரியாக ஒரு காசும் வரவில்லை. இரண்டாவது வீடு என்று நாட்டில் எதுவுமே இல்லை. அரசு சட்டத்தைத் திருத்தியது: எந்த வகையில் பெற்றாலும் அது வாங்கியதே.

வரி அதிகாரி நாகேந்திரர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். மேட்டுநாட்டில், வீட்டுக்காரர் ‘வாங்க’ என்று சொல்லாமல் யாரும் நிலை தாண்டுவதில்லை. தாண்டியவன் திருடன். மன்னரின் பாட்டனார் இதற்காகத் தன் தம்பியையே நாடு கடத்தினார்; அவருக்குச் சந்தையில் சிலை இருக்கிறது.

“அம்மா, உள்ளே வரலாமா?”

“எந்தப் பாதிக்குள்ள?”

“அதைப் பேசத்தான் வந்தேன். உங்களுக்கு இரண்டு வீடு இருக்கிறது.”

“ஒண்ணுதான் இருந்துச்சு. நடுவுல வெட்டினது நீங்க.”

“ஆக, இரண்டாவது வீட்டை அரசே உங்களுக்குக் கொடுத்திருக்கிறது. எத்தனை பேருக்குக் கிடைக்கும்?”

“அடுப்பு இங்க, மனுசன் அங்க. தேருக்கு ஒதுங்கி நின்னு கஞ்சியக் கொண்டுபோறதுக்குள்ள பச்சத்தண்ணி ஆயிடுது. இதா ரெண்டு வீடு?”

“நிலை இரண்டு. மேல்வரி கட்டாவிட்டால், பௌர்ணமி கழித்து மேற்கு வீட்டை அரசு எடுத்துக்கொள்ளும்.”

“உள்ள படுத்திருக்கறவரு?”

நாகேந்திரர் சற்று யோசித்தார். “சட்டத்தில் அவர் இல்லை.”

காத்தாயி முந்தானையில் கையைத் துடைத்தாள். “ஒரு நிலைக்கு அந்தாண்ட இருக்கறதெல்லாம் ஒரே வீடு. அப்படித்தானே, ஐயா?”

“கல்லிலேயே வெட்டியிருக்கிறது.”

“அப்ப சரி. வாங்க. மோர் குடிச்சிட்டுப் போங்க.”

அவர் குடித்துவிட்டுப் போனார்.

பக்கத்துத் தெருக்காரர்கள் கூடினார்கள். அவர்களில் சிலருடைய மாட்டுக் கொட்டகையும் இரண்டாவது வீடாகியிருந்தது. மனு கொடுக்கலாம் என்றார் தச்சர் மூக்கையா.

“குடுத்தா வாங்கி வெச்சுக்குவாங்க, அண்ணே,” என்றாள் காத்தாயி. “வைக்கத்தான் அவங்களுக்கு எடம் நெறைய இருக்கே. நீங்க உளிய எடுத்துட்டு வாங்க.”

மன்னர் அமைச்சர்களோடு ஆற்றங்கரை வேனில் மாளிகைக்குப் போயிருந்த சமயம் அது. அடுப்படி நிலையையும் அறையின் நிலையையும் பெயர்த்தார்கள். கொட்டகைகளின் மரத்தையும் சேர்த்து, இரண்டு பாதிகளுக்கும் நடுவே, அரச வீதியின் குறுக்கே ஒரே நிலையாக நிறுத்தினார்கள். தேர் நுழையும் உயரம் வேண்டும் என்று காத்தாயி கேட்டு வாங்கினாள். மஞ்சள் பூசி மாவிலை கட்டினாள். கணவனின் கட்டிலை வீதி நடுவில் இழுத்துப் போட்டாள்.

“தேர் வருமே,” என்றான் சடையன்.

“வரட்டும். கஞ்சி சுடுது, ஊதிக் குடி.”

பௌர்ணமிக்கு முன்னால் மன்னர் திரும்பினார். நிலையின் முன் தேர் நின்றது. தேரோட்டி சாட்டையை மடியில் வைத்துக்கொண்டான். பின்னால் அமைச்சர்களின் பல்லக்குகள் வரிசையாக நின்றன.

பெருந்திருவர் இறங்கி வந்தார். “இந்த நிலையை உடனே அகற்று.”

“அகற்றிடலாம், சாமி. உங்க மதில்ல இருக்கற நிலையையும் சேர்த்து அகற்றச் சொல்லுங்க. உள்ள இருக்கற கூரைய நானே ஏறி எண்ணித் தர்றேன்.”

மற்ற அமைச்சர்கள் பெருந்திருவரைப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

“இது அரச வீதி.”

“என் நிலைக்கு அந்தாண்ட இருக்கு. என் கூடம்.”

“மேலே இருப்பது அரண்மனை.”

“அதுவும் அந்தாண்டதான் இருக்கு.”

தேரிலிருந்து மன்னர் எட்டிப் பார்த்தார். காவலர்கள் நிலை வரை வந்தார்கள். உள்ளே வீதி நடுவில் ஒருவன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். யாரும் அவர்களிடம் ‘வாங்க’ என்று சொல்லவில்லை. அவர்கள் பெருந்திருவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஏன் தாமதம்?” என்றார் மன்னர்.

“மன்னர் தம் வீட்டுக்குப் போகிறார்,” என்றார் பெருந்திருவர், உரக்க. “வழி விடு.”

காத்தாயி நிலையில் சாய்ந்து நின்றாள்.

“இத்தனை நாளா அவரு தங்கியிருந்த ஆத்தங்கரை மாளிகை யாருது, சாமி?”

“அதுவும் மன்னருடையதே.”

கூட்டத்தில் நின்ற நாகேந்திரர் தரையைப் பார்த்தார்.

காத்தாயி பெருந்திருவரை விட்டுவிட்டு, தேரைப் பார்த்துக் கேட்டாள்.

“விருந்தாளின்னா ‘வாங்க’ன்னு கூப்பிடறேன், ராசா. வீட்டுக்காரருன்னா, இது உங்களுக்கு எத்தனாவது வீடு?”