வாழ்வா? சாவா!

அரைகுறையாக ஒரு மொழி தெரிந்தவரை நம்பி யாரும் விருந்துக்கு ஆள் கூப்பிடக் கூடாது. ஒன்றுமே தெரியாதவர் சும்மா இருந்துவிடுவார். அரைகுறைதான் பாடம் எடுக்கும். விழிதியூர் மகளிர் மன்றத்துக்கு நான் எடுத்தேன்.

எண்பதுகளின் தொடக்கம். பாண்டிச்சேரிப் பக்கத்து ஆலை ஒன்றின் ஊழியர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, எங்கள் மன்றத்துக்குக் கிடைத்த பழைய உரக் கிடங்குக்கு ஓடு மாற்றி, வெள்ளையடித்துக் கொடுத்தார்கள். கூடவே ஒரு யோசனையும் சொன்னார்கள். ஆலையில் இயந்திரம் நிறுவ வந்திருக்கும் பிரெஞ்சுக்காரர்கள் குடும்பத்தோடு வந்து நடவு பார்க்கட்டும், கோட்டுச்சேரிமேட்டில் கடல் பார்க்கட்டும், மதியம் நம் பெண்கள் சமைத்ததைக் காசு கொடுத்துச் சாப்பிடட்டும். பிடித்துப்போனால் மாதாமாதம் வருவார்கள்.

ஊர் ஆண்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சேற்றைப் பார்க்கவா சீமையிலிருந்து வருவார்கள் என்றார்கள். இது ஊற்றிக்கொண்டால் கிடங்கில் திரும்பவும் யூரியா மூட்டைதான் என்றும் சொல்லிவிட்டார்கள். மன்றத் தலைவி ராசாத்தி அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "வரட்டும், பாத்துக்குவோம்" என்றார்.

காரைக்கால் பள்ளிக்கூடத்தில் நான் பிரெஞ்சு படித்தவள். (இது நான் சொல்வது. மதிப்பெண் வேறு சொல்லும்.) வரவேற்பு வார்த்தை நான் சொல்லித் தருகிறேன் என்று வலியப் போய் வாயைக் கொடுத்தேன். நலமா என்று கேட்க 'சாவா' என்று சொல்ல வேண்டும் என்றேன்.

அக்கா கேட்டார்: "வாசலுக்கு வர்ற விருந்தாளிய 'சாவா'ன்னு கேக்கச் சொல்றியா? அதுவும் எந் தங்கச்சி வாயும் வயிறுமா இருக்கிற நேரத்துல?"

அவர் தங்கை செல்விக்கு ஏழாம் மாதம். அர்த்தம் வேறு அக்கா என்று மன்றாடினேன்.

"அர்த்தம் சீமையில இருக்கட்டும். காதுல விழுறது சாவுதானே?"

என் மூளை அன்றைக்கு உச்சத்தில் இருந்தது. அப்படியானால் 'வாழ்வா' என்று கேட்டுவிடுவோம், அவர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்றேன். எல்லோருக்கும் திருப்தி. வருகிறவர்களுக்கும் வாய் இருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

வேன் வந்து நின்றது. பெண்கள் வரிசையாகக் கைகூப்பி ஒரே குரலில் "வாழ்வா?" என்றார்கள். இறங்கியவர்கள் முகமெல்லாம் சிரிப்பாக "சாவா! சாவா!" என்றார்கள். (நலம் என்று பதில் சொல்வதற்கும் அவர்களுக்கு அதே சொல்தான்.) அதோடு விட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். முன்னால் வந்த உயரமான அம்மாள், செல்வியின் வயிற்றைப் பார்த்ததும் பாசம் பொங்கி, அதன்மேல் கை வைத்துக் கனிவாகக் கேட்டார்.

"சாவா?"

அக்கா கையிலிருந்த ஆரத்தித் தட்டு கீழே விழுந்தது. செல்வியை இழுத்துக்கொண்டு சமையல் கொட்டகைக்குள் போனார். மற்றவர்களும் பின்னாலேயே போய்ப் படலைச் சாத்திக்கொண்டார்கள். வெளியே பசியோடு விருந்தாளிகள், எதிர் டீக்கடையில் ஊர் ஆண்கள், நடுவில் நான். எனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்சப் பிரெஞ்சும் அந்த நேரம் பார்த்துக் காணாமல் போயிருந்தது. படலைத் தட்டினேன்.

"அக்கா, டீக்கடையில சிரிக்கிறாங்க."

படல் திறந்தது. செல்வி பின்னால் வர, அக்கா சோற்றுக் கரண்டியோடு நேராக அந்த அம்மாளிடம் போனார். அவர் கையைப் பிடித்துச் செல்வியின் வயிற்றில் தானே வைத்தார். "வாழ்வா. சொல்லுங்க."

அந்த அம்மாள் திருதிருவென்று விழித்துவிட்டு "வால்வா" என்றார். அக்கா விடுவதாக இல்லை. நாக்கை மடித்துக் காட்டி, 'ழ' சரியாக வரும்வரை சொல்ல வைத்தார். (எங்கள் ஊரில் பாதிப்பேருக்கு இன்றும் அது வராது.) அப்புறம் பந்தி. சொல்லாதவர் இலையில் சோறு விழவில்லை. சாப்பாட்டுக்கு முந்தைய பிரார்த்தனை போலிருக்கிறது என்று அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்கள். மீன் குழம்பு மறுபடி வேண்டும் என்றபோதும் சொன்னார்கள்.

அடுத்த மாதம் வேன் தெருமுனை திரும்பும்போதே உள்ளிருந்து "வாழ்வா!" என்று கூச்சல். கிடங்கு எங்களுக்கே நிலைத்தது. யூரியா வேறு இடம் பார்த்துக்கொண்டது.

செல்விக்குப் பிறந்த பெண்தான் இப்போது மன்றத்து விருந்துகளை நடத்துகிறாள். அவளுக்கு நான் 'சாவா பெரியம்மா'. போனில் கூப்பிட்டால் முதலில் "வாழ்வா?" என்பாள். நான் உரக்க "சாவா" என்று சொன்னால்தான் மேற்கொண்டு பேசுவாள். போன வாரம் கோவில்பத்துப் பேருந்தில் நின்றுகொண்டு அப்படிச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சட்டென்று எழுந்து இடம் கொடுத்து, "யாரும்மா தவறிட்டாங்க?" என்று கேட்டார். என் பிரெஞ்சுதாங்க என்று சொல்ல நினைத்து, பேசாமல் உட்கார்ந்துகொண்டேன்.