ஐஸ் அறையில் தோற்ற அமெரிக்கா

வேலிக்காகச் சண்டை பிடித்தவன், வலைக்காகச் சண்டை பிடித்தவன், கோயிலில் மாலை முதலில் யாருக்கு என்று சண்டை பிடித்தவன் என்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு வரைக்கும் எத்தனையோ சண்டைக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அமெரிக்காவோடு தனியாளாகச் சண்டைக்குப் போனவன் ஒருத்தன்தான். அவனுக்கு வேலை கொடுத்து வைத்திருந்தவன் நான்.

அவனை எல்லோரும் ‘கொரியா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா அப்பா வைத்த பெயர் அவனுக்கே சில நேரம் மறந்துபோகும்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பிறகு நேரம் இருக்காது. நான் பனிச்சங்கேணியில் பிறந்தவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் போதும் என்று பிரிந்துகொண்டோம். இன்றைக்குக் கல்குடாப் பக்கம் எனக்கு ஆறு போட், ஓர் ஐஸ் ஆலை, மீனை இறக்கி ஐஸ் போட்டு லொறியில் ஏற்றுகிற பெரிய வாடி. படித்த ஆட்கள் எல்லாம் என் வாடி வாசலில் பாரை மீனுக்கு வரிசையில் நிற்கிறார்கள். நான் யாரிடமும் எதையும் கற்றதில்லை. கற்பித்துத்தான் பழக்கம்.

நான் கற்பித்ததில் முக்கியமானது இது: பெட்டியைத் தூக்க முதல் இடது காலால் இரண்டு தரம் உதைக்க வேண்டும். வாடி தொடங்கிய காலத்தில் பெட்டிக்குக் கீழே சுருண்டு கிடந்த பாம்பு என்னைக் கொத்தியது. பாம்பு செத்துப்போனது என்று நான் சொல்வேன், நம்புகிறவர்கள் நம்பலாம். அன்றிலிருந்து இது சட்டம். வேறு எந்த வாடியிலும் இந்தச் சட்டம் கிடையாது. அங்கெல்லாம் பாம்பு கொத்தினால் அது அவர்கள் பாடு.

கொரியா சின்ன வயதில் என்னிடம் பெட்டி தூக்க வந்தவன். பிறகு கொரியாவுக்கு வேலைக்குப் போய்ப் பத்து வருடம் அங்கே ஒரு துறைமுகத்தில் மீன்பெட்டி தூக்கி, குளிர் யந்திரம் பழகி, திரும்பவும் என்னிடமே வந்து சேர்ந்தான். வந்தவன் பழைய ஆள் இல்லை. மீன் வாங்க வருகிறவர்களுக்கு இடுப்பு வரை வளைந்து வணக்கம் வைப்பான். ஐஸ் யந்திரத்தோடு கொரிய மொழியில் பேசுவான். அதுவும் அவன் சொன்னால்தான் கேட்கும், நான் தமிழில் எத்தனை தரம் ஏசினாலும் அசையாது. கோவா என்கிற முட்டைக்கோசை மிளகாய்த்தூளில் பிரட்டிச் சாடியில் புளிக்க வைத்துச் சோற்றோடு தின்பான். ஒரு மீன் வாடியில் நாற்றம் என்று பக்கத்து வளவுக்காரர் முறைப்பாடு கொண்டுவந்தது அந்தச் சாடியைத் திறந்த அன்றைக்குத்தான்.

இதெல்லாம் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது அவனுடைய படம்.

படத்தின் பெயர் என் வாயில் வராது. அவன் அங்கே இருந்த காலத்தில் எடுக்கப்பட்ட கொரியப் படம், உலகமெல்லாம் பரிசு கொடுத்ததாம். நான் பார்க்காமலே நூறு தரம் கதை கேட்டிருக்கிறேன். ஒரு மீன் லொறிச் சாரதி, தன் தம்பியைக் கொன்றவனைத் தேடித் துறைமுகம் துறைமுகமாக அலைகிறான். கடைசியில் கண்டுபிடிக்கிறான். கண்டுபிடித்து என்ன செய்கிறான் என்றால், அவனுக்கு முன்னால் உட்கார்ந்து சூப் குடிக்கிறான். கொலைகாரனும் குடிக்கிறான். யாரும் பேசுவதில்லை. சூப் முடிய, படமும் முடிந்துவிடும்.

கதையைச் சொல்லி முடித்ததும் ஒரு சத்தியம் வேறு வாங்குவான். அந்தப் படத்தை எப்போது பார்த்தாலும், துறைமுகக் கட்டம் வருகிற நேரம் ஒருத்தரும் எழும்பி வெளியே போகக்கூடாதாம். படம் பார்க்கிற எண்ணமே இல்லாத லொறிக்காரர்களும் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் போவார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலை. யந்திரம் ஓடவில்லை. இவன் ஒரு பெட்டிமேல் குந்திக்கொண்டு தலையைப் பிடித்தபடி இருந்தான்.

“என்னடா, செத்தவீடு மாதிரி இருக்கிறாய், ஆரு மோசம் போனது?” என்று கேட்டேன்.

“படம், முதலாளி. அதை அமெரிக்கன் திருப்பி எடுக்கப்போறானாம்.”

அன்றைக்கு ஐஸ் ஒன்பது மணிக்குப் பிறகுதான் வந்தது.

பிறகு அந்த அமெரிக்கப் படத்தின் முன்னோட்டம் போனில் வந்தது. வாடியில் எல்லோரும் கூடி நின்று பார்த்தோம். லொறிச் சாரதியின் இடத்தில் தோள் அகன்ற ஒரு வெள்ளைக்காரன். ஊர் முழுக்க மணல். துறைமுகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெற்றோல் செட். கடைசியில் கொலைகாரனின் வீடு வெடித்து, கூரை தனியாக வானத்தில் பறந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது. கொரியா ஒன்றே ஒன்றைத்தான் கேட்டான்.

“கடல் எங்க?”

அன்று முழுக்க அதையே கேட்டுக்கொண்டிருந்தான். மீன் நிறுக்கிறவனிடம் கேட்டான், யந்திரத்திடம் கேட்டான். முன்னோட்டத்துக்குக் கீழே ஆட்கள் கருத்து எழுதுகிற இடத்தில் தமிழிலும் கொரிய மொழியிலும் அரைகுறை ஆங்கிலத்திலும் அதையே எழுதினான். பிரேசிலில் ஒருத்தன் ‘உண்மை’ என்று பதில் போட்டான். மணிலாவில் ஒரு பெண் அழுகிற முகம் போட்டாள். இவன் அந்தச் செய்திகளை வெளிநாட்டுச் சொந்தக்காரரின் சுகம் சொல்வதுபோல வாடியில் சொல்லித் திரிந்தான். ஓர் அமெரிக்கன் மட்டும் சிரிக்கிற முகம் போட்டான். அது இவனுக்கு மூன்று நாள் சோறு இறங்கவிடவில்லை.

“சிரிக்கட்டுமேடா,” என்றேன்.

“விளங்கிச் சிரிச்சாப் பறவாயில்ல, முதலாளி. அவன் விளங்காமச் சிரிக்கிறான்.”

எனக்குக் கோபம் வந்தது. தம்பியைக் கொன்றவனுக்குச் சூப் ஊற்றுவது எந்த ஊர் நியாயம் என்றும், வீட்டோடு கொளுத்துகிற அமெரிக்கன்தான் ஆம்பிளை என்றும் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். அங்கேதான் பிழை நடந்தது.

எங்கள் பக்கம் கண்ணகி அம்மனுக்குக் கொம்புமுறி விளையாடுகிறபோது ஊர் இரண்டாகப் பிரியும்: வடசேரி, தென்சேரி. தகப்பன் எந்தச் சேரியோ பிள்ளையும் அந்தச் சேரி. வளைந்த இரண்டு கொம்புகளைக் கொழுவி இரு பக்கமும் இழுப்போம். கொம்பு முறிந்த சேரியை மற்றச் சேரி பாட்டுக் கட்டி நையாண்டி பண்ணலாம், கோபிக்கக்கூடாது. நான் தென்சேரி. கொரியா வடசேரி. நான் அமெரிக்கா என்று சொன்ன அந்த நிமிடத்திலிருந்து வாடியில் உள்ள தென்சேரி ஆட்கள் எல்லோரும் அமெரிக்கா, வடசேரி ஆட்கள் எல்லோரும் கொரியா. இரண்டு படத்தில் ஒன்றையும் ஒருத்தனும் பார்த்திருக்கவில்லை. என் வீட்டிலும் அதே கதை. என் மனைவி வடசேரி. நாற்பது வருடம் என் சோற்றுக்குக் கறி ஊற்றியவள், அன்று இரவு சூப் வைத்து என் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

அமெரிக்கப் படம் தமிழ்ப் பேச்சோடு வந்து சேர்ந்தது. கோயில் திருவிழாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த புரொஜெக்டரில் ஞாயிற்றுக்கிழமை அதைப் போடப்போவதாக அறிவித்தேன். கொரியா கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

“அதப் போட்டீங்களெண்டா திங்கக்கிழமை நான் வரமாட்டன், முதலாளி.”

“மிரட்டுறியா?”

“இல்ல. சொல்லுறன்.”

இவன் போனால் ஐஸ் யந்திரம் நிற்கும், யந்திரம் நின்றால் ஆறு போட்டும் கரையில் கிடக்கும். அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனாலும் என் வாடியில் எனக்குச் சட்டம் சொல்ல ஒருத்தனா? போடத்தான் போகிறேன் என்றேன். உடுப்புப் பையைக் கட்டிவிட்டான் என்று மாலையில் செய்தி வந்தது. என் மனைவிதான் இடையில் விழுந்தாள்.

“இஞ்சாருங்க, ரெண்டையும் போடுங்க. ஒராள நடுவரா வைங்க. தோத்த ஆள் அடங்கிப் போகட்டும்.”

இரண்டு சேரியிலும் இல்லாத ஆள் வேண்டும். ஓட்டமாவடியிலிருந்து தினமும் மீன் எடுக்க வருகிற முஸ்லிம் வியாபாரியை, நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிற ஆளைப் பிடித்தோம். முஸ்லிம் ஆட்களுக்கு எங்கள் சேரிப் பிரிவு கிடையாது. அவர் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னால் அதற்கு மறுபேச்சும் கிடையாது. அமெரிக்கா வென்றால் கொரியா வாடியை விட்டுப் போகிறது. கொரியா வென்றால் நான் ஒரு நாள் முழுக்கப் பெட்டி தூக்குகிறது. இரண்டு பக்கமும் நையாண்டிப் பாட்டைக் கட்டி ஆயத்தமாக வைத்திருந்தார்கள்.

பகல் மூன்று மணிக்குப் படம் காட்ட இருட்டான இடம் வாடியில் ஒன்றுதான், ஐஸ் அறை. ஐஸ் கட்டிகளை ஒரு பக்கம் ஒதுக்கி, என் மனைவியின் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டித் தொங்கவிட்டோம். நாற்பது பேர் துவாயைப் போர்த்திக்கொண்டு பல் கிட்டிக்க உட்கார்ந்தார்கள். கொரியாவுக்கு மட்டும் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இப்போதுதான் சரியான குளிர், அங்கே இப்படித்தான் என்றான்.

கொரியப் படம் முதலில். அதற்குத் தமிழ்ப் பேச்சு இல்லை. சத்தத்தை நிறுத்திவிட்டு, இவனே திரைக்குப் பக்கத்தில் நின்று எல்லோருக்கும் பேசினான். பொலிஸ்காரனுக்கு ஒரு குரல், சாரதியின் மனைவிக்கு ஒரு குரல், நாய் குரைத்த இடத்தில் நாய்க்கும் ஒரு குரல். கொரியப் பொலிஸ்காரன் “மறுகா என்ன நடந்த?” என்று மட்டக்களப்புத் தமிழில் விசாரித்தான். தென்சேரி ஆட்களே சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. குளிரில் தோள் குலுங்கினால் அது சிரிப்பு ஆகாது.

துறைமுகக் கட்டம் வந்தது. சாரதி கரையில் நின்று ஆட்களிடம் தம்பியின் படத்தைக் காட்டுகிறான். பின்னால் தொழிலாளர்கள் பெட்டி தூக்கிப் போகிறார்கள், முகத்தை மூடித் துணி, தலையில் தொப்பி. கொரியா பேச்சை நிறுத்திவிட்டான். சாரதி வாயசைக்கிறான், சத்தம் இல்லை. தமிழ் எங்கே என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். இவன் திரையைப் பார்க்காமல் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

காக்காதான் வாய் திறந்தார்.

“முதலாளி, அதைக் கொஞ்சம் பின்னால கொண்டு போங்க. அந்தப் பெட்டிக்காரன் என்னவோ செஞ்சான்.”

திருப்பிப் போட்டோம். சாரதியின் தோளுக்குப் பின்னால் ஒருத்தன் பெட்டிக்குக் கிட்ட வருகிறான். குனிய முதல் இடது காலால் உதைக்கிறான். ஒன்று. இரண்டு. பிறகு தூக்கிக்கொண்டு போகிறான். மூன்று விநாடி இருக்கும்.

பாம்பே இல்லாத, பனி கொட்டுகிற அந்தத் துறைமுகத்தில் ஒருத்தன் என் சட்டப்படி பெட்டி உதைக்கிறான்.

நான் எழும்பிவிட்டேன். “டேய், அது நீயா?”

“ஓம், முதலாளி.”

“இவ்வளவு நாளும் ஏன்டா வாயத் திறக்கல்ல?”

“மூஞ்சி தெரியல்லயே. நான்தான் எண்டு சொன்னா ஆரு நம்புவான்? நீங்களா?”

நம்பியிருக்க மாட்டேன். அதை அங்கே சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன்.

படம் பிடிக்க வந்தவர்கள், வழக்கம்போல வேலை செய்யுங்கள் என்று மட்டும் சொன்னார்களாம். இவன் வழக்கம்போல உதைத்திருக்கிறான். பிறகு மெதுவாக, யாரையும் பார்க்காமல் சொன்னான்:

“பத்து வருசம் அங்க நிண்டன், முதலாளி. நிண்டதுக்கு இதுதான் கிடக்கு. அமெரிக்கன்ட படம் வந்தா மறுகா இத ஆரு பாக்கப்போறான்?”

அந்தத் துண்டை நாங்கள் எட்டுத் தரம் திருப்பித் திருப்பிப் போட்டோம். எட்டாவது தரம் தென்சேரி ஆட்களும் சேர்ந்து, ஒன்று, இரண்டு என்று எண்ணினார்கள். சூப் குடிக்கிற கடைசிக் கட்டத்தில் யாரும் அசையவில்லை. குளிரில் விறைத்துப்போனதுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம். என் மனைவிக்கு வேறு அபிப்பிராயம்.

பேச்சு பேச்சுத்தானே, அமெரிக்கப் படத்தையும் போட்டேன். பெற்றோல் செட் வந்ததும் என் சொந்தச் சேரி ஆட்கள் எழும்பி நின்று கேட்டார்கள்: “கடல் எங்க? பெட்டி எங்க?” வீடு வெடித்தது. கூரை பறந்தது. பிரமாதமான வெடி. நான் ஒருத்தன்தான் கை தட்டினேன்.

காக்கா தாடியைத் தடவிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

“வெடி நல்லம். ஆனா அதுக்குள்ள நம்மட ஆள் இல்லியே.”

வடசேரி பாடத் தொடங்கியது. பாட்டில் என் வயிறு, என் வழுக்கை, என் புரொஜெக்டர் எல்லாம் வந்தன. திங்கட்கிழமை காலை ஐந்து மணிக்கு, எழுபது வயதில், சாரத்தை மடித்துக் கட்டிப் பெட்டி தூக்கினேன். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு உதை. ஊர் நின்று பார்த்தது. கொரியா நாலு தரம் வந்து பெட்டியைப் பிடுங்கப் பார்த்தான். நாலு தரமும் தள்ளிவிட்டேன். அன்றைக்கு நான் தோற்றதாக வாழைச்சேனைச் சந்தையில் ஒரு கதை இருக்கிறது. அது பொய். உலகப் பரிசு வாங்கிய ஒரு கொரியப் படத்தில் என் வாடிச் சட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காக்காரன் எத்தனை வீட்டை வெடிக்க வைத்தாலும் அது அவனுக்குக் கிடைக்காது. பள்ளிக்கூடம் போனவர்களில் யாருக்குக் கிடைத்திருக்கிறது?

கொரியா இப்போது இங்கே இல்லை. ஒரு கொரிய மீன் கப்பலில் குளிர் அறை பார்க்கப் போய் எட்டு மாதம். எந்தக் கடலில் நிற்கிறான் என்று தெரியாது, மாதத்தில் ஒருக்கால் போன் எடுப்பான். போக முதல் என் போனில் அந்த மூன்று விநாடியை ஏற்றிவிட்டுப் போனான். வேண்டாம் என்று ஏசினேன்.

இப்போதும் காலையில் வாடிக்குப் போக முதல், போன் வேலை செய்கிறதா என்று பார்க்க அதை ஒருக்கால் போடுவேன். குனிய முதல் இரண்டு தரம் உதைக்கிறான். சரி, பாம்பு இல்லை என்று நானும் எழும்பி வேலைக்குப் போவேன்.