நாற்பது நிமிடச் சமூகம்

தற்காலக் கலைக்கூடம் சமூகத்துக்காகவே இயங்குகிறது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. சமூகம் உள்ளே வருவதில்லை என்பது ஒன்றுதான் குறை. அந்தக் குறையை வெயிலும் மழையும் தீர்த்துவைத்தன. வாசலின் எடுப்பைக் கெடுக்கிறது என்று எதிரிலிருந்த பேருந்து நிழற்குடையை இடித்திருந்தார்கள். பேருந்துக்குக் காத்திருந்தவர்களெல்லாம் உள்ளே ஒதுங்கினார்கள்.

ஆனாலும் வருபவர்களுக்குப் படங்களை விளக்கிச் சொல்லும் விளக்குநருக்கு நிம்மதியில்லை. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள், ஒப்பந்த வேலை. உள்ளே வந்தவர்கள் சராசரியாக நாற்பது நிமிடம் தங்கினால்தான் அவர்கள் சமூகம் என்பது விதி. அப்போதுதான் அவள் வேலை நிரந்தரம். வாசல் இயந்திரமோ ஆறு நிமிடம் என்று காட்டியது. ஏழாவது நிமிடம் பேருந்து வந்துவிடும்.

“இந்த வெள்ளைச் சதுரம் என்ன சொல்லுதுன்னா...” என்று சுவரிலிருந்த ஓவியத்தைக் காட்டி அவள் வாயெடுத்தாலே ஹாரன் கேட்கும். கூட்டம் ஓடும். முதல் ஆளாக ஓடுவது, ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் அவளுடைய அம்மா.

“அம்மா, எனக்காகக் கொஞ்சம் நில்லேன்!”

“நீ சுவரைக் காட்டிப் பிழைக்கிற. நான் தரையைப் பாக்க வேணாமாடி?”

கலைக்கூடத்தின் இயக்குநர் ஆழ்ந்து சிந்தித்துப் போக்குவரத்து அலுவலகத்துக்கு எழுதினார்: “மக்களின் கலையுணர்வு நலன் கருதிப் பேருந்துகளைத் தாமதமாக இயக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.”

தாமதத்துக்கு வசவு மட்டுமே வாங்கிப் பழகிய அலுவலகம் நெகிழ்ந்துபோனது. கேட்டதற்கு மேலேயே செய்தது.

முதல் வாரம் பயணிகள் திட்டினார்கள். இரண்டாம் வாரம் தரையில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்கள். மூன்றாம் வாரம், வேறு வழியில்லாமல், சுவரைப் பார்த்தார்கள்.

“இது வெறும் வெள்ளை இல்லக்கா” என்றார் தையல்காரர்.

“துடைச்சுத் துடைச்சு வந்த வெள்ளை” என்றாள் அம்மா. “எனக்குத் தெரியாதா?”

அன்று பிடித்த விவாதம் ஓயவில்லை. ஆஸ்பத்திரித் தரை காத்துக்கிடப்பது அம்மாவுக்கு மறந்தே போயிற்று. சராசரி மூன்று மணி நேரத்தைத் தொட்டது.

ஆணை வந்தது. விளக்குநர் உறையைப் பிரித்தாள்: “மேற்படி கூடத்தில் சமூகம் தனக்குத்தானே விளக்கிக்கொள்ளும் நிலையை எய்திவிட்டபடியால், விளக்குநர் பதவி இன்று முதல் ஒழிக்கப்படுகிறது.”

இயக்குநர் கைகுலுக்கினார். “முழுக்க உங்க வெற்றிம்மா! இதுக்கு மேல யாராலயும் ஜெயிக்க முடியாது.”

அவள் உறையோடு வெளியே வந்தாள். அதிசயமாகப் பேருந்து நின்றிருந்தது. ஓட்டுநர் இருக்கை காலி. திரும்ப உள்ளே போய்த் தேடினாள். வெள்ளைச் சதுரத்தின் முன்னால், அம்மாவுக்குப் பக்கத்தில், கைகட்டி நின்றிருந்தார் அவர்.

“அண்ணே, வண்டியை எடுங்கண்ணே!”

“இரும்மா. அக்கா சொல்றதை நான் ஒத்துக்கவே மாட்டேன். அது பனிமூட்டம்.”

“அம்மா, என் வேலை போச்சும்மா!”

அம்மா சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“குறுக்க பேசாதடி. படத்தைப் பத்தி உனக்கென்ன தெரியும்?”